தில்லைநாயகத்தின் பூர்வீக மண்

மனை விற்கும் தில்லைநாயகத்துக்கு வாயைத் திறந்தாலே வம்சப் பெருமைதான். பூமி பூஜையன்று, அலுவலகத்தில் டைப் அடிக்கும் ஜெயக்கொடியை அதட்டினார்.

"ஏழு தலைமுறையா நாங்க குடியிருந்த மண்ணு இது! பழைய வரைபடம் ஒண்ணைத் தேடிப் பிடிச்சு எல்லாருக்கும் காட்டு. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

ஜெயக்கொடி இணையத்தில் துழாவினாள். ஏதோ ஒரு நூலகம் ஏற்றி வைத்திருந்த வெள்ளைக்காரன் காலத்து வரைபடம் சிக்கியது. அதை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தி, மனை வாங்க வந்தவர்கள் முன்னால் பந்தல் திரையில் போட்டாள். மனைகள் மொத்தமும் ஏரிக்குள் கிடந்தன.

"என்னடி இது?"

"நீங்க கேட்டதுதான் ஐயா. உங்க வம்சம் கெண்டையா, கெளுத்தியா? அதை மட்டும் சொல்லிடுங்க."

வந்தவர்கள் எழுந்து செருப்பைத் தேடினார்கள். தில்லைநாயகம் அதற்கு முன்பே காரைத் தேடி ஓடியிருந்தார்.