பாறைமேல் காகிதப்பூ

பொதிகை மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதை நடத்தி வந்தவர் ஞானசுந்தரி அம்மை. அவருடைய சீடர்களில் ஒருத்தி சண்முகத்தாய். வயதில் அவள்தான் மூத்தவள். ஆனாலும் அம்மையை "தாயே" என்றுதான் கூப்பிடுவாள். அம்மை அவளை "அக்கா" என்பார்.

சண்முகத்தாய் தன் மகன் இசக்கியோடு மடத்துக்கு வந்திருந்தாள். லாரி மோதி இளவட்டப் பிள்ளைக்கு இரண்டு காலும் உடைந்திருந்தன. எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவன் சக்கர நாற்காலியை விட்டு எழவில்லை. அவன் வாய் திறக்கும் முன்பே தண்ணீர் வந்துவிடும். சோற்றைப் பிசைந்து ஊட்டுவதும் அவள்தான்.

மீதி நேரம் ஒரு காகிதப்பூச் செடிக்கு. தாழ்வாரத்து நிழலில் தொட்டியில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் விட்டு, சாணி உரம் போட்டு வளர்த்தாள். கொடி தூணைத் தாண்டி ஏறியது. எங்கு பார்த்தாலும் இலை. ஒரு பூ இல்லை.

"தாயே, இதுக்கு நான் என்ன குறை வச்சேன்?" என்று ஒருநாள் கேட்டாள்.

அம்மை கொடியைத் தூணிலிருந்து பிரித்தார். தொட்டியை அணைத்துத் தூக்கிக்கொண்டு போய், வெயில் காயும் பாறைமேல் வைத்தார்.

"இலை துவண்டா மட்டும் தண்ணி ஊத்துங்க அக்கா. அதுக்கு முன்னாடி ஒரு சொட்டு கூடாது. பகல் பூரா பக்கத்திலேயே இருந்து பார்க்கணும்."

"அப்போ இசக்கியை யாரு பார்க்கிறது?"

"நாங்க இருக்கோமே."

சண்முகத்தாய் பாறையோரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். மறுநாளே மனசு கேட்கவில்லை. செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். எதிரே வந்த அம்மை செம்பை வாங்கி, அண்ணாந்து முழுவதையும் குடித்துவிட்டார்.

"தாயே, அது செடிக்கு!"

"செடி கேட்டுச்சா?"

அவள் வெறும் செம்பை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பினாள்.

இலைகள் பழுத்து உதிர்ந்தன. துவண்ட அன்று ஊற்றினாள். மறுபடியும் காத்திருந்தாள். கொடி வெறும் முள்ளும் குச்சியுமாக நின்றபோது, நானே கொன்றுவிட்டேன் என்று அழுதாள். அம்மை அந்தப் பக்கமே வரவில்லை.

பிறகு ஒரு காலை. அவள் பாறைக்கு வந்தபோது குச்சியின் நுனியெல்லாம் சின்னச் சின்ன வாடாமல்லி நிறப் பொட்டுகள். அடுத்த சில நாட்களில் கொடி முழுக்கப் பூத்துவிட்டது. பச்சையே தெரியவில்லை. பாறையே தீப்பிடித்தாற்போல இருந்தது.

"இசக்கி! ஏலே, இசக்கி!" என்று கத்திக்கொண்டு மடத்துக்குள் ஓடினாள்.

நாற்காலி காலியாக இருந்தது.

அடுக்களையில் சத்தம் கேட்டது. இசக்கி ஒரு கையால் சுவரைப் பிடித்து நின்றபடி சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தான். முழங்கால்கள் நடுங்கின. முகத்தில் வியர்வை. ஆனால் நின்றான்.

அங்கே காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மையைப் பார்த்தாள்.

"இவனுக்கு என்ன செஞ்சீங்க, தாயே?"

"ஒண்ணும் செய்யலையே. தண்ணி கேட்டான். பானை அங்க இருக்குன்னோம்."

"கோபத்துல எந்திரிச்சேம்மா," என்றான் இசக்கி. "விழுந்தேன். மறுபடியும் எந்திரிச்சேன்."

"என்கிட்ட ஏன்டா சொல்லலை?"

"சொன்னா நீ ஓடி வந்து பிடிச்சுக்குவியே."

அவள் சிரித்தாள், அழுதாள், எதுவென்று தெரியவில்லை. கரண்டியை வாங்கக் கை நீட்டினாள். அம்மை அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். தரையில் ஒரு இலையை விரித்தார்.

"உட்காருங்க அக்கா," என்றார். "இன்னைக்கு அவன் பரிமாறுவான்."