முத்திரைப் பானையும் மூக்காயியின் புகாரும்

வெகுகாலத்துக்கு முன்பு பூவாணி நாட்டைச் செண்பகவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். இந்தக் கதை நடந்த அன்று சபையில் இருந்தவர்கள் இவர்கள்: ராஜா, மந்திரி காளத்தியப்பர், பண்டகசாலைத் தலைவர் ஆபத்சகாயர், சாமரம் வீசும் பெண்கள் இருவர், காவலர் நால்வர், ஓலை எழுதுபவர் ஒருவர், கூழ்க்கடை மூக்காயி. ஆகப் பதினொரு பேர். கூண்டில் ஒரு கிளியும் இருந்தது. அன்று அது வாய் திறக்கவில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

மூக்காயியின் காலடியில் ஒன்பது ஓட்டைப் பானைகள் இருந்தன. அவளுக்குப் பயம்தான். காரணம் இருக்கிறது. பண்டகசாலையில் விற்கும் பானைகளில் ராஜாவின் மீன் முத்திரை உண்டு. முத்திரைச் சரக்கைக் குறை சொல்லி, அதை நிரூபிக்காமல் போனால் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போகவேண்டும். போன மாதம் ஏதோ கோபத்தில் ராஜா போட்ட சட்டம் அது. போடச் சொல்லிக் காதில் ஓதியவர் ஆபத்சகாயர்.

"என்ன பெண்ணே, என் முத்திரையிலேயே ஓட்டையா?" என்று கேட்டுவிட்டு ராஜா தும்மினார். அன்று அவருக்குச் சளி.

"முத்திரை நல்லாத்தான் இருக்கு மகாராசா. அதுக்குக் கீழேதான் ஓட்டை. பன்னிரண்டு வாங்கினேன். ஒன்பது நாளில் ஒன்பது ஒழுகிப்போச்சு. அடுப்பும் அணைஞ்சுது, கூழும் போச்சு. குடிச்சவங்களும் மெழுகு நாத்தம் அடிக்குதுன்னு முகம் சுளிச்சாங்க."

ஆபத்சகாயர் சிரித்தார். "மகாராஜா, என் பானை ஒவ்வொன்றிலும் நீர் ஊற்றிப் பார்த்துத்தான் விற்கிறேன். ஒரு சொட்டு ஒழுகாது. இவள் அடுப்பில் எப்படி எரித்தாளோ! அடுப்புக்கெல்லாம் நான் பொறுப்பாக முடியுமா?"

"அதுவும் நியாயம்தான்" என்றார் ராஜா.

மூக்காயி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஓர் ஓலைச் சீட்டை எடுத்தாள். வாங்கிய அன்று, "பானைக்கெல்லாம் சீட்டா?" என்று விற்பனையாள் அலுத்துக்கொண்டான். எழுதிக் கொடுத்தால்தான் நகர்வேன் என்று நின்று வாங்கிய சீட்டு. மந்திரி அதை உரக்கப் படித்தார்: "சமையல் பானை பன்னிரண்டு. ஓராண்டு தாங்கும். ஆபத்சகாயர் கையொப்பம்."

"சமையல் பானை என்று எழுதியிருக்கிறீர். அடுப்பில் வைக்காமல் தலையில் வைத்தா சமைப்பது?" என்றார் மந்திரி.

"எழுதும்போது ஆயிரம் எழுதுவோம்! கூழ்க்காரி பேச்சுக்கு முத்திரையைச் சந்தேகிப்பதா?"

ராஜாவின் முகம் சிவந்தது. எந்தப் பக்கம் சாய்வார் என்று யாருக்கும் தெரியாது. மூக்காயிக்குத் தன் கடையின் விறகும் கலயமும் தெருவில் கிடப்பது போலத் தோன்றியது. அப்போது ராஜா மறுபடியும் தும்மினார். அவளுக்கு ஒரு யோசனை பிறந்தது.

"என் பேச்சை விடுங்க மகாராசா. உங்களுக்குக் கஷாயம் வைக்கணுமே! இனிமே அரண்மனைச் சமையலும் முத்திரைப் பானையிலேயே நடக்கட்டும். உங்க அடுப்புக்கு ஆகிற பானை எது எதுன்னு ஐயாவே எடுத்து வைக்கட்டும். அதில் ஒன்னு ஒழுகினாலும் அவர்தான் பொறுப்பு."

"ஆஹா, எனக்கு இது முன்பே தோன்றவில்லையே!" என்றார் ராஜா.

காவலர் நால்வரும் ஆளுக்குப் பதினைந்தாக அறுபது பானைகளைச் சுமந்து வந்து இறக்கினார்கள். ஆபத்சகாயருக்கு வேறு வழியில்லை. ராஜாவின் கஷாயம் அடுப்பில் கொட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஒரு பானையை விரல் முட்டியால் தட்டினார். கவிழ்த்தார். அடிப்பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார். ஒதுக்கினார். அடுத்தது. அதையும் ஒதுக்கினார். மூக்காயி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

முடிந்தபோது வலப்புறம் பதினொரு பானைகள் நின்றன.

"இவை மகாராஜாவுக்கு" என்றார் ஆபத்சகாயர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

"சரிங்க ஐயா. இந்தப் பக்கம் நாற்பத்தொன்பது இருக்கே, இதெல்லாம் யாருக்கு?" என்றாள் மூக்காயி.

ஆபத்சகாயர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நீர் ஊத்திப் பார்க்கிறேன்னு சொன்னீங்க. இன்னைக்கு ஒரு சொட்டு நீர் ஊத்தலையே! நேரா அடியைத்தானே சுரண்டினீங்க? மகாராசா, அவர் நகத்தைக் காட்டச் சொல்லுங்க."

மந்திரியே போய்க் கையைப் பிடித்துப் பார்த்தார். நகக்கண்ணில் மஞ்சள் மெழுகு அப்பியிருந்தது. விரிசலில் தேன்மெழுகையும் களிமண்ணையும் குழைத்து அடைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நீருக்கு அது தாங்கும். தீ பட்டால் உருகிவிடும்.

ராஜா ஒரு பானையை எடுத்து மீன் முத்திரையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "முத்திரை என்னுடையது. வெட்கமும் என்னுடையதுதான். ஓலைக்காரரே, எழுதும்" என்றார்.

பழைய சட்டம் அன்றே ரத்தானது. சீட்டுக் கேட்டால் விற்பவர் மறுக்கக்கூடாது. சரக்கில் குறை என்று யாரும் பயமில்லாமல் சபைக்கு வரலாம். விற்றவர் மூன்று நாளுக்குள் பதில் சொல்லவேண்டும், மாற்றியும் தரவேண்டும். மூக்காயிக்கு ஒன்பது நல்ல பானைகளும், கெட்டுப்போன ஒன்பது நாள் கூழுக்கு ஒன்பது மரக்கால் கம்பும் ஆபத்சகாயர் கொடுக்கவேண்டும். மீதி இரண்டு பானைகள் அரண்மனைக்கு.

"அந்த நாற்பத்தொன்பது?" என்று மந்திரி நினைவூட்டினார்.

"அவை ஆபத்சகாயர் வீட்டுக்கு! நாளுக்கு ஒன்றாக அதில்தான் அவர் வீட்டுச் சோறு வேகவேண்டும். எல்லாம் தீர்ந்த பிறகு முத்திரை போட்டு விற்பதைப் பற்றிப் பேசலாம்."

மறுநாள் உச்சிவேளை. மூக்காயியின் கடையில் நல்ல கூட்டம். மெழுகு நாற்றம் இல்லை, அடுப்பும் அணையவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். அங்கவஸ்திரம் முழுக்கச் சாம்பல்.

"வாங்க ஐயா, உட்காருங்க" என்று மூக்காயி ஒரு கலயம் கூழும் இரண்டு வெங்காயமும் வைத்தாள். "அடுப்பு அணைஞ்சுபோச்சா?"

அவர் தலையை ஆட்டிவிட்டு ஒரே மூச்சில் குடித்தார்.

"இன்னும் எத்தனை பானை ஐயா இருக்கு?"

ஆபத்சகாயர் கலயத்தை அவள் பக்கம் மறுபடியும் நீட்டியபடி சொன்னார்: "நாற்பத்தெட்டு."