சாமி எடுத்த மூணாவது குரல்

குளத்தங்கரை மடத்துல ஒரு சாமி இருந்தாரு. சாமின்னதும் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருப்பாருன்னு நெனச்சுராதீங்க. ஊர்ல யாரு பேசினாலும் மறுநாளே அந்தக் குரலை அப்படியே எடுத்து விட்டுருவாரு. தலையாரி தும்முறதைக்கூட விட்டு வைக்கல.

அவருக்கு ஒரு சீடரு, ஆவுடையப்பன். சாமியைவிட வயசுல மூத்தவரு. பொழப்புக்குத் தையல். ஆசைக்கு, தன் கையாலயே ஒரு தோணி. அதுல பொண்டாட்டி கோமதியை உக்கார வச்சு, குளத்து நடுவுல இருக்க திட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்.

தோணி எப்பவோ முடிஞ்சிட்டு. இழைக்கிறதுதான் முடியல. போன வருஷம் இழைச்சுக்கிட்டு இருக்கும்போதே குளம் வத்திட்டு. இந்த வருஷமும் தண்ணி இறங்குது. கோமதி கேக்குறதையே விட்டுட்டா.

ஒருநா அவரு கரையில இழைச்சுக்கிட்டு இருக்கும்போது சாமி வந்து நின்னாரு.

"என்னவே, எப்போ எறக்கப் போறீரு?"

"இன்னும் கொஞ்சம் இழைக்கணும் சாமி. இடது பக்கம் லேசா தூக்கிக்கிட்டு நிக்கு."

"இழைச்சு இழைச்சு பலகை அப்பளமாயிட்டேவே."

"நாலு பேரு பாக்குற பொருளு. ஒரு சொல்லு வந்துரக்கூடாதுல்லா."

"அம்புட்டுதானா? அந்தச் சொல்லை இப்பவே கேட்டுருவோம்."

சாமி தொண்டையைச் செருமினாரு. டீக்கடை சுடலைமுத்து குரல் வந்துச்சு. "தையக்காரன் தோணில்லா. பாத்து ஏறுங்கப்பா, பட்டன் தெறிச்சிரும்."

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு தாங்கல.

அடுத்து மாமனாரு, மூக்கால. "மாப்ளைக்கு வேற சோலி இல்ல போல."

அதுக்கும் சிரிச்சாரு.

மூணாவதா ஒரு குரல் வந்துச்சு. "இது தோணியா? பன்னித் தொட்டி. அடுப்புல வையி. உனக்கெல்லாம் எதுக்குடா தோணி?"

ஆவுடையப்பன் சிரிக்கல.

"இது யாரு சாமி?"

"தெரியலையா? தெனமும் இங்க இழைச்சுக்கிட்டே முணுமுணுக்காரே ஒருத்தரு. மடத்து வரைக்கும் கேக்கும்."

ஆவுடையப்பன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. சாமி விடல. அதே குரல்லயே, "எடு இழைப்புளியை. இன்னும் கொஞ்சம் இழை"ன்னாரு.

"வாயை மூடும் சாமி. என் தோணியை இனிமே எவனும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது."

"எவனும்னா?"

"நானே ஆனாலும்தான்."

இழைப்புளி முள்ளுக்காட்டுல போய் விழுந்துச்சு. "ஏ கோமதி, வாட்டி"ன்னு ஒரு சத்தம். சேலையை எடுத்துச் செருகிக்கிட்டு அவ ஓடியாந்தா. ரெண்டு பேருமா தள்ளி, ஏறி உக்காந்து, துடுப்பைப் போட்டாச்சு. தோணி இடது பக்கம் தூக்கிக்கிட்டேதான் போச்சு.

பாதித் தூரம்கூடப் போகல. காலுக்கடியில ஈரம். இடுப்பளவுத் தண்ணிதான், ஆனாலும் ஆவுடையப்பன் துடுப்பை நிறுத்திட்டாரு.

"சாமி, தண்ணி உள்ள வருது."

கரையில இருந்து சாமி எறிஞ்ச தேங்காச் சிரட்டை பறந்து வந்து கோமதி மடியில விழுந்துச்சு. அவ அதை எடுத்து மோண்டு ஊத்த ஆரம்பிச்சுட்டா.

"நீங்க துடுப்பைப் போடுங்க"ன்னா. "திருப்புனீங்கன்னா குதிச்சு நடந்தே போயிருவேன்."

ஆவுடையப்பன் கரையைத் திரும்பிப் பாத்தாரு. சாமி இந்தத் தடவை யாரு குரலையும் எடுக்கல.

"வரட்டும்வே. இத்தனை நாளு ஒரு சொட்டு வந்துச்சா? இப்பத்தான் அது தோணி."