விளக்கு ஏற்றும் வரை

கொச்சிக்கு வடக்கே ஆற்றோரத்தில் ஒரு யூதத் தெரு இருந்தது. இப்போது அங்கே யாரும் இல்லை. மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு எல்லோரும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். ஜெபாலயத்தின் கதவில் பூட்டுத் தொங்குகிறது. நாம் பேசுவது தெரு நிறைய ஆள் இருந்த காலத்தைப் பற்றி.

சனிக்கிழமை ஓய்வுநாள், வேலை செய்வதும் நெருப்பு மூட்டுவதும் பாவம். அன்றைக்கு அங்கே எந்த அடுப்பும் எரியாது, கடை திறக்காது, தோணி நகராது. சாயங்காலம் ஆண்கள் ஜெபாலயத்தில் கூடி இருட்டிலேயே உட்கார்ந்து பாடுவார்கள். வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும், ரப்பி என்று அவர்கள் அழைக்கும் வேத குரு திராட்சை ரசத்தை வாழ்த்தி, கிராம்பை முகர்ந்து, விளக்கை ஏற்றுவார். அத்தோடு ஓய்வுநாள் முடிந்தது. அடுத்த நொடி பீடிக்காரர்கள் வாசலில் இருப்பார்கள். அடடா, ஒரு நாள் முழுக்க வாயைக் கட்டிப்போட்டவன் இழுக்கிற முதல் பீடி! அந்த வாசனையைத் தெருவே மூக்கை நீட்டி வாங்கும்.

ரப்பியின் பெயர் அனனியா. வயது முப்பதுகூட ஆகவில்லை. எங்கேயும் போய்ப் பட்டம் வாங்கி வந்தவரும் இல்லை. நன்றாகப் படித்தவர் என்று ஊர் அப்படிக் கூப்பிட்டது, அதுவே நிலைத்துவிட்டது. மத்தியானங்களில் அவரிடம் வேதம் படிக்க வந்த சீடர்களில் எல்லோருக்கும் மூத்தவர் மீன்கார எப்ராயீம். பேரன் பேத்தி எடுத்தவர். ஒரு காலத்தில் "டேய் அனனியா, ஆத்துல ஆழத்துக்குப் போகாதே" என்று அதட்டிய அதே வாயால் இப்போது "ரப்பி" என்று கூப்பிடுவார். ரப்பியும் பழைய வழக்கத்தை விடாமல் அவரை "மாமா" என்றுதான் சொல்வார்.

எப்ராயீமின் கடைசி மகன் பினாஸ் ரப்பிக்குச் சேக்காளி. இரண்டு பேரும் ஒன்றாகவே படித்தார்கள், ஒன்றாகவே ஆற்றில் குதித்தார்கள். ஒருவன் ரப்பி ஆனான், இன்னொருவன் உருப்படாமல் போனான் என்று தெரு பேசிக்கொண்டது. பினாஸ் ஓய்வுநாளிலும் கூலிக்குத் தோணி தள்ளப் போவான். கேட்டால் சிரிப்பான். அந்த மழைக்காலத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், கொப்பரை ஏற்றிப்போன தோணி கவிழ்ந்து அவன் ஆற்றோடு போனான். உடல் மறுநாள் கிடைத்தது.

"ஓய்வுநாள்ல துடுப்புப் போட்டுக்கிட்டே செத்தானே" என்று தெருவில் முணுமுணுத்தார்கள். எப்ராயீமின் காதிலும் அது விழுந்தது.

அவர் ஆள் ஆளாகப் போய்க் கேட்டார். செத்தவன் எங்கே போகிறான்? நம் ஜனங்களிடம் ஒரு கேள்வியைக் கொடுத்தால் ஆளுக்கொரு பதிலோடு வருவார்கள், கேட்கவா வேண்டும்! பாவம் தீரும்வரை நெருப்பில் கிடக்க வேண்டும் என்றார் முட்டை வியாபாரி. மண்ணுக்குள் தூங்குவான், கடைசி நாளில் எழுந்து வருவான் என்றார் தையற்காரர். ஜெபாலயத்துக் காரியஸ்தர், மறுபடி பிறப்பான், மீனாகக்கூடப் பிறக்கலாம் என்றார். அன்றைக்கு எப்ராயீம் கத்தியையே தொடவில்லை. தொட்டியில் உயிரோடு கிடந்த விராலையெல்லாம் ஆற்றில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் பாடம் முடிந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். எப்ராயீம் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ரப்பி, ஆன்மான்னு ஒண்ணு இல்லைன்னு சொல்லிடுங்க."

"ஏன் மாமா?"

"இருந்தா அவன் நெருப்புல கிடக்கான். இல்லைன்னா எங்கேயும் இல்லை. எங்கேயும் இல்லாம போனாக்கூடத் தாங்கிப்பேன். சின்ன வயசுல அடுப்புக்கிட்ட வந்தாலே அழுவான், ரப்பி. சூடு தாங்காத பய."

ரப்பி புத்தகத்தை மூடினார்.

"சனிக்கிழமை சாயங்காலம் என் பக்கத்துல வந்து உட்காருங்க," என்றார்.

எப்ராயீமுக்குக் கோபம் வந்தது. பெத்த வயிறு எரிகிறது, இவர் உட்கார இடம் காட்டுகிறாரே! அதுவும் சனிக்கிழமை சாயங்காலம் என்றாலே கொஞ்ச நாளாக அவருக்கு எரிச்சல்தான். மழைக்காலத்திலிருந்து ரப்பி பாட்டை அப்படி இழுக்க ஆரம்பித்திருந்தார். நட்சத்திரம் வந்து எவ்வளவோ நேரம் கழித்துத்தான் விளக்கு ஏற்றினார். மீன் எடுக்கப் படகுத்துறைக்குப் போவதற்குள் நல்ல மீனெல்லாம் போய்விடுகிறது என்று எப்ராயீமே பலபேரிடம் சலித்துக்கொண்டிருக்கிறார்.

இருந்தாலும் போனார். ரப்பியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பாட்டு ஆரம்பித்தது. ஆறு கறுத்து, கூரை கறுத்து, பக்கத்தில் இருப்பவன் முகம் தெரியாமல் போயிற்று. ஒரு காலத்தில் பினாஸும் அனனியாவும் இந்த இருட்டில்தான் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்து, எப்ராயீமிடம் குட்டு வாங்குவார்கள். எப்ராயீம் வாயைத் திறக்கவில்லை. மகன் போனதிலிருந்து அவர் பாடுவதே இல்லை.

ஒரு பாட்டு முடிந்ததும் ரப்பி இன்னொன்றைத் தொடங்கினார். அதுவும் முடிந்தது. பீடிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டார்கள்.

"ரப்பி, நட்சத்திரம் மூணு கேட்டீங்க, முந்நூறு வந்தாச்சு!" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

"வீட்டுல ஆடு கத்துது ரப்பி!"

ரப்பி அடுத்த பாட்டை எடுத்தார். எப்ராயீமால் பொறுக்க முடியவில்லை. ரப்பியின் காதருகே குனிந்தார்.

"எதுக்கு இப்படி இழுக்கறீங்க? ஜனங்க திட்டறாங்க. நானும் திட்டியிருக்கேன்."

"தெரியும் மாமா."

"பின்னே?"

"ஓய்வுநாள்ல இங்கே நெருப்பு எரியறதில்லை. அங்கேயும் எரியாதுன்னு நம்ம பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"எங்கே?"

"நீங்க பயப்படற இடத்துல. அங்கே இருக்கறவங்களையும் இன்னிக்கு வெளியே விட்டுடுவாங்களாம். நிம்மதியா உட்கார்ந்திருப்பாங்களாம்."

எப்ராயீம் இருட்டில் ரப்பியின் முகத்தைத் தேடினார்.

"எவ்வளவு நேரம்?"

"நாம விளக்கு ஏத்தற வரைக்கும்."

மழைக்காலத்திலிருந்து ரப்பி இழுத்த ஒவ்வொரு பாட்டுக்கும் காரணம் எப்ராயீமுக்கு இப்போது புரிந்தது. இவரைப் போய்த் திட்டினோமே என்று வெட்கமாக இருந்தது. ரப்பியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ அவன் நிஜமாவே அங்கே இருக்கானா?"

"எனக்குத் தெரியாது மாமா. நான் பார்த்ததில்லை." ரப்பியும் அவர் கையை விடவில்லை. "பாட்டும் தீர்ந்துபோச்சு. எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் பாடிட்டேன்."

வாசலில் இருந்து யாரோ, "அப்பாடா! விளக்கை ஏத்துங்க!" என்றார்.

எப்ராயீம் தொண்டையைச் செருமினார். ஓய்வுநாளை வழியனுப்பும் ஒரு பழைய பாட்டை எடுத்தார். பினாஸைத் தொட்டிலில் போட்டு ஆட்டியபோதும் இதையேதான் பாடுவார், வேறு பாட்டு அவருக்கு வராது. குரல் கரகரத்தது, ராகம் அங்கங்கே தப்பியது. அவர் நிறுத்தவில்லை. வாசலில் நின்றவர்களுக்குப் பேச்சு நின்றுபோயிற்று. ஒவ்வொருவராக உள்ளே வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்கள். ஆட்டுக்காரரும் வந்தார்.

பாட்டு முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு இது ஒண்ணுதான் தெரியும் ரப்பி," என்றார் எப்ராயீம்.

"முதல்லேருந்து பாடுங்க மாமா," என்றார் ரப்பி.