மேல்பாதிக்கு நாலு

இன்பராஜ் நாற்பத்து நான்கு வயதில், தன்னைவிட ஆறு வயது இளையவரான டாக்டர் மங்கையர்க்கரசியிடம் தழும்பு சிகிச்சை கற்க வந்திருந்தார். அதில் அவருக்கு வெட்கமில்லை. வயிறு எரிந்ததெல்லாம் உடன் கற்கும் ஷாகிதாவைப் பார்த்துத்தான்.

நோயாளியின் கொழுப்பிலிருந்தே செல்களைப் பிரித்து, தையல் போட்ட இடத்தில் ஊசியால் ஏற்றுவது ஷாகிதாவின் வேலை. தையல் இன்பராஜுடையது. தழும்பு நன்றாக ஆறினால் எல்லோரும் ஊசியைத்தான் புகழ்ந்தார்கள். தையலைச் சீந்துவாரில்லை.

ஒருநாள் அடக்க முடியாமல் கேட்டே விட்டார். "மேடம், தழும்பு ஆறுறது என் தையலாலயா, அவங்க ஊசியாலயா?"

மங்கையர்க்கரசி மதிப்பெண் தாளை நீட்டினார். "ஆய்வோட கடைசி நோயாளி வந்திருக்காங்க. பார்த்துப் போடுங்க. பத்துக்கு."

தழும்பின் ஒரு பாதியில் செல், மறு பாதியில் வெறும் உப்புத் தண்ணீர். எது எங்கே என்பது மூடிய உறைக்குள் இருந்தது. ஊசி போட்டவருக்கே தெரியாது. பேனாவால் எழுதிய எண்ணைத் திருத்தவும் கூடாது.

சொர்ணம் வயிற்றைக் காட்டினாள். தொப்புளுக்கு மேலும் கீழுமாக ஒரு மெல்லிய கோடு.

"ரெண்டு பாதியும் ஒண்ணாத்தான் இருக்கு டாக்டர். சீலைக்கட்டு உரசினாக்கூட வலிக்கல."

இன்பராஜின் கண்ணுக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. ஆனால் சிகிச்சை நடந்த அன்று ஷாகிதா மேல்பாதியில்தான் நெடுநேரம் பொறுமையாக ஊசி ஏற்றினார். செல் அங்கேதான், சந்தேகமே இல்லை.

மேல்பாதிக்கு நாலு. கீழ்ப்பாதிக்கு ஒன்பது. கையெழுத்தும் போட்டார். பல நாளைக்குப் பிறகு மனசு குளிர்ந்தது.

சொர்ணம் போனதும் மங்கையர்க்கரசி உறையைப் பிரித்தார்.

"மேல்பாதி, உப்புத் தண்ணீர்."

"மேலயா? அப்போ அங்க..."

"உங்க தையல் மட்டும்தான்."

இன்பராஜ் பேனாவைத் திறந்தார். "மேடம், அந்த நாலை மட்டும் மாத்திக்கட்டுமா?"

காலையிலேயே சொர்ணத்தைப் பார்த்து ஷாகிதா எழுதிக் கொடுத்திருந்த தாளை மங்கையர்க்கரசி எடுத்து, இன்பராஜின் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு பாதிக்கும் ஒன்பது.

"உங்க தையலுக்கு அவங்க ஒன்பது போட்டிருக்காங்க. நீங்க நாலு போட்டிருக்கீங்க. நான் யாரை நம்பட்டும்?"