சிவப்பு வட்டம் போட்ட அண்ணாச்சிகள்

சுரைக்காய்ப்பட்டி கடலைமிட்டாய்க் கடை அண்ணாச்சிமார் மூன்று பேரும் தங்கமான மனுஷர்கள். இதை இப்பவே சொல்லிவிடுகிறேன்; போகப்போகச் சொல்ல வாய்ப்பு கிடைக்காது. மூத்தவர் மாடக்கண்ணு, அடுத்தவர் சுடலைமுத்து, கடைசி கொம்பையா. மூவருக்கும் சேர்த்து ஒரே கடை, ஒரே போன்.

பெனிட்டாவுக்கு வந்த சோதனையைப் பாருங்கள். டிசைன் படிக்கிற பிள்ளை, கடைசி வருஷம். நிஜமான ஒரு கடைக்குப் பாக்கெட் அட்டை வரைந்து கொடுத்து, வேலை பிடித்திருக்கிறதென்று கடைக்காரர் கைப்பட எழுதிய கடிதத்தை வெள்ளிக்கிழமைக்குள் துறைத்தலைவி மேடத்திடம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. நல்ல கடைகளையெல்லாம் கூடப் படிக்கிறவர்கள் முந்திக்கொண்டு பிடித்துவிட்டார்கள். இவளுக்கு வாய்த்தது இது.

"மத்த கடை பாக்கெட்டெல்லாம் நல்லாப் பார்த்து வைங்க அண்ணாச்சி," என்றாள் முதல் நாள்.

மூவரும் கடையைப் பூட்டினார்கள். எதிரே இருந்த பலசரக்குக் கடை முன்னால் பெஞ்சைப் போட்டு, தொங்குகிற பாக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சாப்பாடும் அங்கேயே. இரண்டாம் நாள் அந்தக் கடைக்காரர் பயந்துபோய் போலீசுக்குப் போன் போட்டார்.

அதற்குள் பெனிட்டா ஒரு மாதிரி வரைந்து அனுப்பினாள். கடைக்கு என்ன பெயர் வைப்பதென்று அண்ணாச்சிமார் இன்னும் முடிவு செய்யவில்லை. அதனால் அந்த இடத்தில் 'கடையின் பெயர் இங்கே வரும்' என்று எழுதியிருந்தாள்.

இரண்டு நாளாகப் பதிலே இல்லை. கூப்பிட்டாள்.

"பார்த்தீங்களா அண்ணாச்சி?"

"பார்த்துக்கிட்டேதான் இருக்கோம் தாயி. இன்னும் வரல," என்றார் மாடக்கண்ணு.

"எது?"

"பேரு! முறை போட்டுப் பார்க்கோம். இப்போ கொம்பையா முறை."

பெனிட்டா தலையில் கைவைத்துக்கொண்டு, 'மாடக்கண்ணு கடலைமிட்டாய்' என்று தானே எழுதி அனுப்பினாள். போனில், "வந்துட்டு! வந்துட்டு!" என்று மூன்று குரலும் கூத்தாடின.

"திருத்தம் ஏதாச்சும் இருந்தா, அந்த இடத்துல சிவப்பா ஒரு வட்டம் போடுங்க அண்ணாச்சி."

இதைத்தான் அவள் சொல்லியிருக்கக் கூடாது.

"கடலை படம் கொஞ்சம் சின்னதா இருக்குல்லா?" என்றார் சுடலைமுத்து. மூவரும் கூடிப் பேசினார்கள். கொம்பையா வீட்டுக்கு ஓடி, பெண்டாட்டியின் நகப்பாலிஷை எடுத்துவந்து, போன் கண்ணாடியிலேயே கடலையைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டார்.

"கடலை சின்னதா இருக்குன்னு வட்டம் போட்டாச்சு தாயி," என்று போனில் சொன்னார்கள். பெனிட்டா கடலையைப் பெரிதாக்கி அனுப்பினாள்.

"தாயி, தப்பு அங்கேயேதான் இருக்கு."

கடலையை இடப்பக்கம் தள்ளினாள். இருக்கிறதாம். கடலையையே எடுத்தாள். அப்போதும் இருக்கிறதாம். ஏழு தடவை மாற்றிய பிறகு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கே அண்ணாச்சிமாருக்கும் கவலை.

"மச்சான் மக கல்யாணப் பத்திரிகை போன்ல வந்துச்சுல்லா? அதுலயும் அதே இடத்துல தப்பு இருக்குண்ணே," என்றார் கொம்பையா.

"மாப்பிள்ளை மூஞ்சிலயாலே?" என்றார் சுடலைமுத்து.

"ஆமாண்ணே. சரியா மூக்குல."

"அப்போ அந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிரு," என்றார் மாடக்கண்ணு.

வெள்ளிக்கிழமை காலையில் பெனிட்டா முதல் பஸ் பிடித்து நேரிலேயே வந்துவிட்டாள். போனை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியில் காய்ந்திருந்த நகப்பாலிஷைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் நகத்தால் வட்டத்தைச் சுரண்டி எறிந்தாள்.

"ஆத்தாடி! ஏழு தடவை போகாத தப்பை நகத்தாலேயே எடுத்துட்டாளே!" என்று சுடலைமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, கும்பிட்டுக் கேக்கேன். எங்க மேடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க. அதை வச்சுத்தான் நான் பாஸாகணும்."

"பாஸானா என்ன தாயி செய்வே?"

"சென்னைக்கு வேலைக்குப் போயிருவேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசினார்கள். வெளியே வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. ஒட்டிய கவரை மாடக்கண்ணு அவள் கையில் கொடுத்து, "மனசார எழுதியிருக்கோம்," என்றார். பெனிட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. விழுந்தடித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்து, மூன்று மணிக்கு மேடம் முன்னால் போய் நின்றாள்.

மேடம் கவரைப் பிரித்துச் சத்தமாகவே வாசித்தார்:

"அம்மா அவர்களுக்கு வணக்கம். பெனிட்டா வரைந்த அட்டை பிரமாதம். இப்படி ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எங்களுக்கு இனி கிடைக்காது. தீபாவளிக்கு எள்ளுமிட்டாயும் போடப்போகிறோம், அதற்கும் அட்டை வேண்டும். ஆகையால், தயவுசெய்து இந்த வருஷம் பிள்ளையை ஃபெயிலாக்கித் தரவும். அடுத்த வருஷத்துக்கு என்ன செய்யலாம் என்பதை அதிரசம் போடுவதைப் பொறுத்துச் சொல்கிறோம்."