ஏற்பதற்கில்லை

வேலாயுத அடிகளின் மடத்தில் சீடராகச் சேர்ந்தபோது சிதம்பரநாதனுக்கு வயது அறுபத்தொன்று. அடிகளைவிட எட்டு வயது மூத்தவர். அதற்கு முன் குடிநீர்ப் பொறியாளராக இருந்தவர்.

மூன்று வருடம் ஆகியும் அவருக்குத் தியானம் கூடவில்லை. கண்ணை மூடினால் ஒரு மனு வந்து நின்றது.

ஒருநாள் காலை அடிகளிடம் சொல்லிவிட்டார்.

“பதினெட்டு வருஷத்துக்கு முந்தி நடந்தது, சாமி. கீழச்சேந்தி என்று ஒரு ஊர். மொத்த ஊருக்கும் ஒரே அடிபம்பு. பூச்செண்டு என்கிற பெண் மனு கொண்டுவந்தாள். பம்பு பழுதானால் எங்கள் ஆள் வர மாசக்கணக்கில் ஆகிறதாம். நாலு பெண்களுக்கு ரிப்பேர் வேலையைச் சொல்லிக்கொடுங்கள், ஸ்பேனரை ஊரிலேயே வைத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தாள்.”

“நீங்கள்?”

“‘ஏற்பதற்கில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.”

“ஏன்?”

“மாவட்டம் முழுக்கக் குழாய் போட ஒரு பெரிய திட்டம் வரைந்துகொண்டிருந்தேன், சாமி. அந்த நேரத்தில் இது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. பெண்கள் பம்பைக் கழற்றுவதா என்று சிரித்தும் வைத்தேன்.”

அவரே தொடர்ந்தார்.

“அந்தக் கோடையில் பம்பில் வாஷர் தேய்ந்துபோயிற்று. உள்ளங்கைக்குள் அடங்குகிற தோல் வாஷர். எங்கள் ஆள் போய்ச் சேர இருபத்தாறு நாள். அதுவரை ஜனங்கள் ஊருணித் தண்ணீரைக் குடித்தார்கள். வாந்திபேதி கண்டது. மூன்று பேர் போய்விட்டார்கள். அதில் ஒன்று பூச்செண்டின் மகள். நாலு வயசு.”

பிறகு கேட்டார்: “இதற்கு என்ன பரிகாரம், சாமி?”

அடிகள் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“கீழச்சேந்திக்கு எத்தனை மணிக்கு பஸ்?”

உச்சிவெயிலில் போய் இறங்கினார்கள். அடிபம்பின் தலைப்பாகம் கழற்றிக் கீழே வைக்கப்பட்டிருந்தது. இரண்டு பெண்கள் உள்ளிருந்து கம்பியை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். “பூச்செண்டு?” என்று கேட்டதும் ஒருத்தி நிமிர்ந்தாள். தலை நரைத்திருந்தது. முழங்கைவரை கிரீஸ்.

சிதம்பரநாதன் கைகூப்பினார்.

“அம்மா, உங்கள் மனுவில் கையெழுத்துப் போட்டது நான்தான்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“அன்னைக்கு நீங்க தலையைத் தூக்கவே இல்ல சார். அதான் மொகம் தெரியல.”

“உங்கள் மகள்...”

“செவந்தி,” என்றாள் அவள்.

சொல்லிவிட்டுப் பம்பின் பக்கம் திரும்பினாள்.

“சார், இந்தக் கம்பியைப் புடிங்க. ஒரு ஆளு கொறையுது. விட்டுறாதீங்க, உள்ள போயிரும்.”

பிடித்தார். ஈரமும் துருவுமாக இருந்தது. நினைத்ததைவிடக் கனம். முப்பது வருட உத்தியோகத்தில் அவர் ஒரு பம்புக் கம்பியைத் தொட்டதில்லை.

பூச்செண்டு பழைய வாஷரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினாள். எல்லாவற்றையும் பூட்டி முடித்துக் கைப்பிடியை அடித்தாள். பதினைந்தாவது அடியில் தண்ணீர் வந்தது.

“இதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?”

“புள்ள போனப்புறம் டவுன்ல ஒரு மேஸ்திரியைத் தேடிப் போனோம். அவர் சொல்லிக்குடுத்தாரு.”

“எத்தனை நாள் பிடித்தது?”

“ரெண்டு நாளு சார்.”

சிதம்பரநாதன் பம்பு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பூச்செண்டின் செல்போன் அடித்தது. கேட்டுவிட்டு மற்றவளிடம் சொன்னாள்: “மேலக்குடியில பம்பு நின்னுபோச்சாம். கெளம்பு.”

ஸ்பேனர்களைப் பையில் அள்ளிப் போட்டாள். அடிகளைப் பார்த்து, “வர்றோம் சாமி,” என்றாள். இரண்டு பேரும் மொபெட்டில் ஏறிப் போனார்கள்.

திரும்பும் பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் நின்றார்கள். சிதம்பரநாதன் கையில் ஒட்டியிருந்த துருவைத் துடைத்தார்.

“என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை, சாமி. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.”

“அதற்கெல்லாம் அவளுக்கு நேரம் ஏது?” என்றார் அடிகள். “மேலக்குடியில் தண்ணீர் நின்றிருக்கிறது.”